மெஷினை விற்ற கொக்கியக்கா

வெளிநாட்டுக்காரர்கள் இனாமாகக் கொடுத்த மெஷினைக் கொக்கியக்கா பழைய இரும்பு விலைக்கு விற்று ஏப்பம் விட்டுவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. சலூனில் கேட்டபோது மெஷினின் எடை நானூறு கிலோ. மருந்துக்கடை வாசலுக்கு வருவதற்குள் எண்ணூறாகிவிட்டது. பள்ளிக்கூடக் கேட்டில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற தாய்மார்கள் இன்னும் தாராளம். மெஷினோடு கொட்டகைக் கூரையையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். அதுவும் பட்டப்பகலில், கைவண்டியில் ஏற்றி, மேலே துணி போட்டு மூடி, அவளே தள்ளிக்கொண்டு போனாளாம். கண்ணால் பார்த்தவர் இருக்கிறாராம். யார் அவர் என்று தேடினால், பார்த்தவரைப் பார்த்தவர்தான் அகப்படுகிறார்.

ஊரில் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒரே ஒருவர். விற்றிருந்தால் அங்கேதான் விற்றிருக்க வேண்டும். அவர் கடையில் போய் விசாரித்தால் மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கேட்டவரை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"எந்தப் புண்ணியவான் சொன்னது? அந்த மெஷின் என் தராசுல ஏறிச்சுன்னா, அப்புறம் தராசத்தான் நான் இரும்பு விலைக்குப் போடணும். அந்தம்மா என்கிட்ட எதையும் விக்கல. வாங்கிட்டுத்தான் போனாங்க."

"என்ன வாங்கினாங்க?"

"அவங்களையே கேளுங்க. வெளிநாட்டு விவகாரம். எனக்கு எதுக்கு வம்பு?"

கொட்டகைக்குப் போனால், விற்கப்பட்ட மெஷின் நட்டநடுவில் நிற்கிறது. ஆள் உயரம், சாம்பல் நிறம், நேற்று இறக்கியது போலப் பளபளப்பு. பக்கத்தில் நீல ஸ்டிக்கர். சுவிட்சின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை. அதன் காலடியில் ஒன்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, வதந்தி சுத்தப் பொய். உண்மை அதைவிடக் கேவலமாக இருப்பதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

கொக்கியக்காவுக்கு வயது நாற்பத்தாறு. குப்பை மூட்டைகளை இழுக்க அவள் வைத்திருக்கும் இரும்புக் கொக்கிதான் அவளுக்குப் பெயர் வைத்தது. வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவர் தூங்கும் நேரம் இவள் வேலை நேரம். இருபது வயதில் பிளாஸ்டிக் பிரிக்க உட்கார்ந்தவள். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், எது எந்த ஜாதிப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவாள். தண்ணீர் பாட்டில் 'டக்' என்னும், எண்ணெய்க் கேன் 'டொக்' என்னும், தயிர்க் கிண்ணம் உடையப் போகிற மாதிரி 'டிக்' என்னும். சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பாள்.

இந்தக் காதும் மூக்கும் உள்ளவளுக்குத்தான் ஒருமுறை நான்கு நாள் பயிற்சி நடந்தது. கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர், பாட்டில் அடியில் உள்ள முக்கோணத்தையும் அதற்குள் இருக்கும் எண்ணையும் திரையில் காட்டினார். குப்பையில் வருகிற பாட்டிலில் முக்கோணம் தேய்ந்து போயிருக்குமே என்று இவள் கேட்டாள். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போனார். கடைசி நாள் இவள் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது துண்டுகளைச் சுண்டிப் பிரித்துக் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பயிற்சியின் வெற்றி என்று குறிப்பெழுதிக்கொண்டு போனார் மனிதர்.

பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் தனியாகக் கொட்டகை போட நினைத்ததற்குக் காரணம் ஒரு தரகர். பிரித்த சரக்கை வாங்கி, பிளாஸ்டிக் உருக்கும் ஆலைக்குக் கொடுக்கிறவர். ஆலை தருவதில் பாதியைத்தான் இவர்களிடம் தருவார் என்பதால் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் அரைவிலை. "நேரா ஆலைக்கே போடுவோம். நான் பேசறேன்" என்று கொக்கியக்கா சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பதினோரு பேரும் அரைவிலையை விட்டு வந்தார்கள். அரைவிலை வாசலில் நின்று சிரித்தாராம். "போங்கம்மா, போங்க. திரும்பி வரும்போது கால்விலைதான், சொல்லிட்டேன்."

ஆலை மேலாளர் சரக்கைப் பார்த்தார், திருப்திப்பட்டார், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"லாரியில பாதி காத்துதான் வருது. காத்துக்கு நான் வாடகை கொடுக்க முடியாது. அமுக்கிக் கட்டு கட்டி அனுப்புங்க. ஆறு மாசம் பொறுக்கறேன். அதுக்கப்புறம் உதிரியா வந்தா கேட்டுக்குள்ள விட மாட்டேன்."

அமுக்குவதற்கு மெஷின் வேண்டும். மெஷினுக்கு எங்கே போவது என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், வளரும் நாடுகளின் நீடித்த வளர்ச்சிக்காகக் கைகோத்த இரண்டு வளர்ந்த நாடுகள் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

நீல ஸ்டிக்கர் நாடு கொட்டகையைக் கட்டி அமுக்கு மெஷினைக் கொடுத்தது. மஞ்சள் ஸ்டிக்கர் நாடு கூரைமேல் சூரியப் பலகைகளைப் பதித்து மின்சாரம் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் திறப்பு விழா, ஒரே கத்தரிக்கோல். மேடையில் இருந்த பெரிய மனிதர் பொத்தானை அழுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டின தட்டலில் மெஷின் ஓடியதா என்று யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் போனபிறகு கொக்கியக்கா அழுத்திப் பார்த்தாள். பொத்தான் உள்ளே போயிற்று, வெளியே வந்தது. அவ்வளவுதான்.

வயர்மேனைக் கூப்பிட்டாள். கரண்ட் இருக்கிறதா என்று விரலை வைத்தே பார்க்கிறவர் என்பதால் ஊரில் அவருக்கு ஷாக் என்று பேர். அவர் மெஷினைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கூரைக்கு ஏறி இறங்கினார். தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"அக்கா, மெஷினுக்கு மூணு பேஸ் கரண்ட் வேணும். மேல இருக்கறது ஒரு பேஸ். இது அதுல ஓடாது."

"தெருவுல வருதே, அந்தக் கரண்டு?"

"அதுவும் ஒண்ணுதான். மூணு வேணும்னா மெயின் ரோட்லேர்ந்து கம்பம் நடணும்."

"ரெண்டு பேரும் ஒரே மேடையிலதானே உட்கார்ந்திருந்தாங்க? ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கலையா?"

"சிரிச்சுக்கிட்டாங்கக்கா. நான் பார்த்தேன்."

இரண்டு நாடுகளுக்கும் நடுவே உள்ளூரில் ஒரு திட்ட அதிகாரி இருந்தார். எதைக் கேட்டாலும் மூன்று நகல் கேட்பார் என்பதால் நகல் சார். அவரிடம் போனாள். அவர் நீலத்துக்கு எழுதினார். மின்சாரம் எங்கள் பொறுப்பு அல்ல, மஞ்சளைக் கேட்கவும் என்று பதில் வந்தது. மஞ்சளுக்கு எழுதினார். நாங்கள் கொடுத்த மின்சாரத்தில் குறை ஒன்றும் இல்லை, அதற்கேற்ற மெஷின் கொடுக்காதது நீலத்தின் குறை என்று பதில் வந்தது. இரண்டு பதில்களும் வெகு மரியாதையான கடிதங்கள். பிறகு, இதையெல்லாம் ஒருங்கிணைக்க ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் கூடும். முதல் கூட்டத்தில், இடைவெளி எங்கே இருக்கிறது என்று ஆராய ஒரு நிபுணரை அமர்த்தத் தீர்மானித்தார்கள். இடைவெளி எங்கே இருக்கிறது என்று ஷாக் பத்து நிமிஷத்தில் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு என்ன சம்பளம் போடுவது?

ஆலை கொடுத்த ஆறு மாதத்தில் ஐந்து மாதம் போய்விட்டது. கொட்டகையில் சரக்கு கூரை முட்டக் கிடந்தது. கொக்கியக்காவின் நாத்தனாரும் அங்கேதான் வேலை செய்தாள். வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணி, உங்க வெளிநாட்டு மாப்பிள்ளை எழுந்திருச்சாரா, இன்னும் தூக்கமா?"

"பிரிடி, பேசாம."

"நான் பிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்ல."

அன்று மத்தியானம் கொக்கியக்கா ஷாக்கையும் இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனாள். மூடிப்போன ஒரு மாவு மில்லிலிருந்து வந்த ஒற்றை பேஸ் மோட்டார் ஒன்று மழையில் நனைந்து கிடந்தது. இரும்புக் கடைக்காரரிடம் கால் மணி நேரம் வாயாடி, தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கினாள். ஷாக் அதைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, மெஷினில் பொருத்தினார். நீல ஸ்டிக்கர் மோட்டாரை மூன்று பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, ஒரு கீறல் விழாமல் மேசைக்கடியில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். மெஷின் பெருமூச்சு விட்டது, முனகியது, பிறகு அமுக்கியது.

"மெதுவாத்தான் ஓடும் அக்கா" என்றார் ஷாக். "பழைய மோட்டாரு."

"இத்தனை நாள் ஓடின வேகத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்."

நான்கு மாதம் ஓடியது. ஒரு நாளைக்குப் பதினாறு கட்டு. ஆலை முழு விலை கொடுத்தது. பெண்களில் ஒருத்தி கூரை ஓடு மாற்றினாள், ஒருத்தி மகளைத் தாதிப் படிப்பில் சேர்த்தாள், நாத்தனார் ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொண்டு தினமும் அதைப்பற்றியே பேசினாள். இரண்டு நாடுகளும் காகிதத்தில் எழுதியிருந்தது எதுவோ, அது அந்தக் கொட்டகையில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. நடத்துகிறவர்கள் பட்டியலில் அந்த நாடுகள் மட்டும் இல்லை.

அப்போதுதான் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். நீலத்திலிருந்து ஒரு நிபுணரம்மா, மஞ்சளிலிருந்து ஒரு பொறியாளர், நடுவில் மொழிபெயர்க்க நகல் சார். நிபுணரம்மா நல்லவர்தான், எல்லாப் பெண்களிடமும் கை கொடுத்தார், கட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், அசந்துபோனார். கொக்கியக்காவுக்குப் பூரிப்புத் தாளவில்லை. பிறகு அந்தம்மா குனிந்து மோட்டாரைப் பார்த்தார். கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். மறுபடி மோட்டாரைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் ஏதோ பேசினார்.

நகல் சார் அதை இரண்டு சொல்லில் முடித்தார். "எங்க மோட்டார்?"

"பத்திரமா இருக்கு சார்." கொக்கியக்கா மேசைக்கடியிலிருந்து கொக்கி போட்டு இழுத்துவந்து, மூன்று தாளையும் பிரித்துக் காட்டினாள். ஸ்டிக்கர் மின்னியது. பாராட்டுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு யாராக இருந்தால் இதை விற்றிருப்பார்கள் அல்லவா?

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் நகல் சார். "திட்டச் சொத்தில கை வைக்கலாமா?"

"இது ஓடுது சார். அது ஓடாது. இதுல என்ன குத்தம்?"

"ஓடறதும் ஓடாததும் வேற கதை. பட்டியல்ல இருக்கற மோட்டார் இது இல்ல."

"அப்ப பட்டியல மாத்துங்க."

நகல் சார் இதை மொழிபெயர்க்கவில்லை.

மஞ்சள் பொறியாளரும் தன் பங்குக்கு வந்தார். அங்கீகரிக்கப்படாத மோட்டாரைத் தங்கள் மின்சாரத்தில் ஓட்டியதால் பலகைகளின் உத்தரவாதம் செல்லாது என்றார். நீலமும் மஞ்சளும் மூலையில் நின்று பேசின. தலையாட்டிக்கொண்டன. கை குலுக்கிக்கொண்டன. இத்தனை மாதத்தில் அந்த இரண்டு நாடுகளும் மனமொத்து எடுத்த முதல் முடிவு அது: மெஷினை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், சுவிட்சுக்கு முத்திரை வைக்க வேண்டும்.

கொக்கியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுக்குப் பதிலா மெஷினையே தூக்கிட்டுப் போங்க சார். இடமாவது மிஞ்சும்."

"மெஷின் போனா கொட்டகையும் போகும். ரெண்டும் ஒரே ஒப்பந்தம். நாலாம் பக்கம். நீங்க கைநாட்டு வெச்சிருக்கீங்க."

"கையெழுத்து போட்டிருக்கேன் சார். நல்லாப் பாருங்க, முழுப் பேரும் எழுதியிருக்கேன்."

"அதான், எழுதியிருக்கீங்கல்ல?"

கூரை இல்லாமல் பதினோரு பேர் வெயிலில் உட்கார முடியாது. அவள் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "மாட்டுங்கப்பா" என்றாள், கூப்பிட்டு அனுப்பி வந்து நின்ற ஷாக்கிடம்.

மாட்டும்போது ஒரு சிக்கல். ஓடாத மோட்டாரின் நான்கு போல்ட்டுகளில் இரண்டு மரை தேய்ந்து போயிருந்தன. நிபுணரம்மாவுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. புகைப்படம் எடுத்தாக வேண்டும். நகல் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். கொக்கியக்காவின் கைவண்டி நின்றது. அதன் கைப்பிடியைச் சட்டத்தோடு பிணைத்திருந்த இரண்டு போல்ட்டுகளும் அச்சாக அதே அளவு.

"கழட்டுங்க. நாளைக்கே வேற வாங்கித் தரேன்."

"சார், என் வண்டி..."

"நாளைக்குன்னேன்ல?"

போல்ட்டு போட்டாயிற்று. மெஷின் பக்கத்தில் அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்தாள், படத்தில் அது சிரிப்பாகத்தான் விழுந்திருக்கிறது. நிபுணரம்மா பொத்தானை அழுத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு அரக்கு உருக்கி முத்திரை. திட்டத்தில் இல்லாத பொருள் திட்ட இடத்தில் இருக்கக் கூடாதாம். அவள் காசு போட்டு வாங்கிய மோட்டாரை அன்றைக்கே அகற்றச் சொன்னார்கள். கைப்பிடியைக் கம்பியால் கட்டி, மோட்டாரை வண்டியில் ஏற்றினாள். தூறல் போட்டதால் மேலே ஒரு துணி. கடைத்தெரு வழியே, உச்சிப் பொழுதில், வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சலூன் நாற்காலியில் பாதி முகம் சவரம் ஆனபடி கண்ணாடியில் ஒருவர் அதைப் பார்த்தார். மீதி முகம் முடிவதற்குள் மெஷின் விற்பனை ஆகிவிட்டது.

இப்போது அந்த மோட்டார் அவள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கொட்டகையில் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இரண்டு பழைய லாரி ஜாக்கி. நான்கு பேர் தொங்கி மிதித்து அமுக்கினால் ஒரு நாளைக்கு மூன்று கட்டு. அந்த மூன்று ஆலைக்குப் போகிறது. மீதியெல்லாம் அரைவிலைக்கு. அவர் வாக்குத் தவறாதவர், கால்விலைதான் தருகிறார். பதினோரு பேரில் இரண்டு பேர் வீட்டுவேலைக்குப் போய்விட்டார்கள். மகளைத் தாதிப் படிப்பில் சேர்த்தவள் அதில் ஒருத்தி. மகளும் இப்போது கூடவே போகிறாள்.

போன மாதம் அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் கொக்கியக்கா. நகல் சாரே கொண்டுவந்து படித்துக் காட்டினார்: மெஷின் புதிதுபோலப் பராமரிக்கப்படுகிறது. மின் நுகர்வு பூஜ்யம். கரி உமிழ்வு பூஜ்யம். இரு நாடுகளின் ஒருங்கிணைப்பு முன்மாதிரியானது. இதே திட்டத்தை இன்னும் ஆறு நாடுகளுக்கு விரிவாக்கப் பரிந்துரை.

"ஆறா?" என்றாள் நாத்தனார். "அங்கயும் பதினோரு பொம்பளைங்க இருப்பாங்களே!"

கொக்கியக்கா அட்டைப் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கவில்லை. மோட்டாரின் அடியில் தெரிந்த இரண்டு போல்ட்டுகளைத்தான் பார்த்தாள்.

"சார், நாளைக்கு வந்திருச்சா?"

"எந்த நாளைக்கு?"

"என் போல்ட்டு."

நகல் சாருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எழுதிக் கொடுங்க. மூணு நகல்."

எழுதிக் கொடுத்தாள், முழுப் பெயரோடு. இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது. மேற்படி போல்ட்டுகள் இயந்திரத்தோடு சேர்ந்து நீல நாட்டின் திட்டச் சொத்தாகப் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றைத் திருப்பித் தரவோ, ஈடாக வேறு தரவோ வழிமுறை எதுவும் வகுக்கப்படவில்லை. எனவே, விஷயம் ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பதினேழாவது பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது. போன கூட்டம் ஒன்பதாவது பொருளோடு மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்துவிட்டது.

"இரும்புக் கடையில ரெண்டு போல்ட்டு வாங்கிப் போட்டாத்தான் என்ன அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். "ஒரு டீ விலைகூட இருக்காது. மேடு பள்ளம் வந்தா வண்டி கைப்பிடி கையோட வந்துடுது."

"வாங்க மாட்டேன்."

"வீம்பு."

"வீம்புதான். ரெண்டு நாடு சேர்ந்து எனக்கு ரெண்டு போல்ட்டு பாக்கி. நான் வாங்கிப் போட்டுட்டா அப்புறம் யாருடி கேப்பா?"

தளர்ந்த கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, அவள் வண்டியைத் தள்ளினாள்.